ஒக்டோபரில் வாருங்கள் அப்பா

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

அமெரிக்க விசா கிடைத்துவிட்டது என்று தம்பி கோலில் சொன்னதில் இருந்து எனக்கு வேறு எதிலும் மனம் நிற்கவில்லை. டிக்கெட் எப்போது போடுவது என்று கேட்டிருந்தீர்கள், ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு போடுங்கள். ஆடி ஆவணியில் வந்தால் பகலில் வெயில் கொளுத்தும், பின்னேரத்தில் திடீரென்று இடி மின்னலோடு கொட்டும். ஒக்டோபர் தொடக்கத்தில் வெப்பக்காற்றுப் பலூன் விழா, ஊரெல்லாம் சனம். அது முடிந்த கையோடு வந்தால் வெயிலும் இதமாக இருக்கும், பாதையிலும் நெரிசல் இருக்காது.

அம்மா, கொழும்பை மனதில் வைத்துக்கொண்டு சூட்கேஸ் அடுக்காதீர்கள். அங்கே வருடத்துக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது என்றால் நான் இருக்கும் இந்த நியூ மெக்சிக்கோ மாநிலத்து அல்புகேர்க்கியில் 250 கூட இல்லை. ஊர் இருப்பது 1,600 மீற்றர் உயரத்தில், பண்டாரவளையை விட மேலே, நுவரெலியாவை விடக் கொஞ்சம் கீழே, ஆனால் பச்சையைக் காண ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும். முதல் சில நாட்கள் படி ஏறினால் மூச்சு வாங்கும், உதடு வெடிக்கும், உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அது காய்ந்துவிடும். வந்த புதிதில் மழைச் சத்தம் இல்லாமல் எனக்கு நித்திரையே வராது. அந்த நாட்களில் மனதைத் தேற்றியது மிளகாய் வாசம்தான்: ஆவணி கடைசியில் இருந்து கடை வாசல்களில் பெரிய இரும்பு உருளையைச் சுற்றிச் சுற்றி பச்சை மிளகாயை நெருப்பில் வாட்டுவார்கள், தெரு முழுக்க மணக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா, இத்தனை வருடம் சரித்திரம் படிப்பித்த உங்களைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நான் நினைத்திருப்பது இந்த ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பாறைச் செதுக்கல் பூங்காவுக்கு. 1990இல் தேசிய நினைவிடமாக அறிவித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 27 கிலோமீற்றர் நீளத்துக்குக் கறுப்புக் கற்கள் குவிந்த ஒரு சரிவு, அதில் 20,000க்கும் மேற்பட்ட உருவங்கள் செதுக்கப்பட்டிருப்பதாக மதிப்பிடுகிறார்கள். 150,000 வருடங்களுக்கும் முன்னர் இங்கே நிலம் நீளமாகப் பிளந்து எரிமலைக் குழம்பு கிழக்கே வழிந்து ஓடி இறுகியது, பிறகு அதன் அடியில் இருந்த மென்மையான மண் அரிபட்டுப் போக, மேலே இருந்த கல் உடைந்து உருண்டு இந்தச் சரிவு உண்டானது. பாலைவனக் காற்றிலும் வெயிலிலும் கிடந்து கல்லின் மேல் இரும்பும் மங்கனீசும் சேர்ந்த ஒரு கறுப்புப் படலம் படிந்திருக்கிறது. அதைக் கல்லாலேயே கொத்தி எடுத்தால் உள்ளே வெளிர் சாம்பல் நிறம், அவ்வளவுதான் அவர்களுடைய தாளும் மையும்.

பெரும்பாலானவை 1300க்கும் 1680க்கும் இடையில், இந்த மண்ணின் பூர்வகுடிகளான புவெப்லோ மக்களின் முன்னோர் கொத்தியவை. 1680 என்பது அந்த மக்கள் ஸ்பானியரை எதிர்த்து எழுந்த வருடம், அப்பா. பின்னால் வந்த ஸ்பானியக் குடியேறிகள் செதுக்கிய சிலுவைகளும் ஆங்காங்கே உண்டு. மனித முகங்கள், பறவைகள், நட்சத்திரம், கை அடையாளம் என்று பார்த்துக்கொண்டே போகலாம். ஓரிடத்தில் மக்காவ் கிளி ஒன்று இருக்கிறது. இந்த வறண்ட நிலத்தில் அந்தக் கிளி ஏது? தெற்கே மெக்சிக்கோப் பக்கம் இருந்து வியாபாரத்தில் வந்த பறவை அது. நீங்கள் வகுப்பில் சொல்லும் மன்னார் மாந்தைத் துறைமுகத்தின் பழைய கடல் வியாபாரக் கதைகள்தான் அதைப் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தன.

ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இதைச் செதுக்கியவர்களின் பிள்ளைகள் இன்றும் ரியோ கிராண்டே ஆற்றோரக் கிராமங்களில் வாழ்கிறார்கள், அவர்களுக்கு இது இன்னும் வழிபடும் இடம். நாங்கள் மூலஸ்தானத்துக்கு வெளியே நின்று கும்பிடுவது மாதிரி இங்கேயும் எட்ட நின்றுதான் பார்க்க வேண்டும், கையில் உள்ள எண்ணெய்ப் பசை பட்டாலே கல் கெட்டுவிடுமாம். இப்படிப்பட்ட இடத்துக்குள்ளால் நெடுஞ்சாலை போடுவதற்காக 1998இல் அமெரிக்கக் காங்கிரஸ் 8.5 ஏக்கரைப் பூங்காவில் இருந்து பிரித்துக் கொடுத்தது. புவெப்லோ மக்கள் எவ்வளவோ எதிர்த்தும் சாலை வந்துவிட்டது. அந்த வழியால் போகும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுக்காது.

திட்டம் இதுதான். முதலில் பூங்காவில் போகா நெக்ரா என்ற பள்ளத்தாக்கு, கார் நிறுத்த 1 அல்லது 2 டொலர், தண்ணீரும் கழிப்பறையும் உண்டு, கிளி இருக்கும் பாதை சின்னது, உங்கள் முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. செங்குத்தான பாதையில் இவரும் பிள்ளைகளும் ஏறட்டும், நாங்கள் கீழே நிழலில் இருப்போம். இன்னொரு நாள் வெள்ளனவே ரின்கோனாடா என்ற மற்றப் பள்ளத்தாக்குக்குப் போகலாம், 3.5 கிலோமீற்றர் மணல் பாதை, சமதரை, ஆனால் ஒரு மரமும் இல்லை. களைத்தால் பாதியில் திரும்பிவிடலாம். கற்களுக்கு இடையில் கையை விடக்கூடாது, விஷப் பாம்பு உண்டு. எரிமலைக் கூம்புகள் மேற்கே தனியாக நிற்கின்றன, அங்கே தண்ணீர் கிடைக்காது, போத்தல்களில் கொண்டுபோவோம். மேலே நின்றால் ஆறும் ஊரும் அதற்கப்பால் சாண்டியா மலையும் ஒரே பார்வையில் தெரியும்.

செருப்போடு வராதீர்கள் அப்பா, நல்ல பிடியுள்ள சப்பாத்து வாங்குங்கள், தொப்பியும் வேண்டும். அம்மாவின் பிரஷர் மருந்தைப் பற்றியும் இந்த உயரத்தைப் பற்றியும் டொக்டரிடம் ஒருக்கால் கேட்டுவிட்டுத் திகதியைச் சொல்லுங்கள், நான் இங்கே லீவு எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம், வறுத்த கறித்தூள் ஒரு கிலோவாவது வேண்டும் அம்மா.

அன்புடன்,
உங்கள் மகள்