தம்பிக்கு அம்மா எழுதறது

தம்பி, நல்லா இருக்கியா கண்ணு. கவிதா எப்படி இருக்கா, பாப்பா ஸ்கூலுக்கு ஒழுங்கா போறாளா. பகல்ல போன் பண்ணா கம்பெனியில இருக்கேன்ங்கற, ராத்திரி பண்ணா எடுக்கறதில்ல, காலையில "தூங்கிட்டோம்மா"னு மெசேஜ் வருது. அதனால கொஞ்சம் கொஞ்சமா டைப் பண்ணி இதை அனுப்பறேன். முழுசா படி, பாதியில வச்சுடாத.

இங்க பனி விட்டுருச்சு. தை மாசம் ஓடைப்பக்கத்து செடியெல்லாம் கருகிப் போச்சு, இப்பத்தான் துளிர் எட்டிப் பாக்குது. பச்சத்தேயிலை விலை உனக்குத் தெரிஞ்சதுதான், அப்பா தினமும் ஃபேக்டரியில கேட்டுட்டு வந்து தனக்குத்தானே பேசிக்கறார். மேல் வீட்டுல கல்யாணம் முடிஞ்சது, மொய் உன் பேர்லயும் வச்சுட்டேன். வேற விசேசம் ஒண்ணுமில்ல.

ஃப்ரிட்ஜ் வாங்கியாச்சு. இந்தக் குளிர்ல ஃப்ரிட்ஜ் எதுக்குன்னு இத்தனை வருசம் நானே சொல்லிட்டிருந்தேன், இப்ப பாப்பா வந்தா அவ சுகருக்குப் போடற இன்சுலின் வைக்கணுமே. நடுத்தட்டுல ஒரு டப்பா தனியா வச்சிருக்கேன், அதுல வேற எதையும் வைக்கக் கூடாதுன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது, 2ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், ஒரு தடவை உறைஞ்சு போன இன்சுலின் திரும்பக் கரைஞ்சாலும் அதைப் போடக் கூடாது, கொட்டிடணும். கவிதாவுக்கு இதெல்லாம் தெரியும், இருந்தாலும் சொல்றேன். திருப்பூர்ல வெயில் வேற ஆரம்பிச்சிருக்கும், பிரிச்ச இன்சுலின் பேனாவை ஜன்னல் ஓரத்துல, டிவி மேல, வண்டி பெட்டிக்குள்ள எல்லாம் வைக்காதீங்க.

பொங்கலுக்கு வர முடியலன்னீங்க, சரின்னு விட்டுட்டேன். ஏப்ரல்ல மாரியம்மன் திருவிழாவுக்காவது வாங்க, இல்லைன்னா மே லீவுக்குக் கண்டிப்பா வரணும். பாப்பாவுக்கு மலை ஏறினா ஒத்துக்காதுன்னு தெரியும், குஞ்சப்பனை தாண்டறதுக்குள்ள வாந்தி எடுத்துடுவா, முன்னாடின்னா துடைச்சுவிட்டு மடியில படுக்க வச்சுக்குவோம், இப்ப அப்படி இல்லையே. மேட்டுப்பாளையத்துல சாப்பாட்டுக்கு முன்னாடி போடற இன்சுலின் ஊசியைப் போட்டு நாலு இட்லி குடுத்து, அந்த இட்லி அத்தனையும் வெளிய வந்துட்டா ஊசி மட்டும் உள்ள நின்னு சுகரை இறக்கிடும். பயணத்தன்னைக்கு எப்படிப் போடணும், சாப்பிட்டப்புறம் போடலாமான்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கிக்கோ. பலாப்பழ சீசன் வந்துட்டா அந்த ரோட்டுல யானை நிக்கும், ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் வண்டி நகராது, அதனால குளுக்கோஸ், ஜூஸ், பிஸ்கட் எல்லாம் கையில இருக்கற பையில இருக்கணும், டிக்கியில வச்சிடாதீங்க. சுகர் 70க்குக் கீழ போச்சுன்னா சாக்லேட் குடுக்காதீங்க, அதுல இருக்கற கொழுப்பால சர்க்கரை ரத்தத்துல ஏற லேட்டாகும். குளுக்கோஸ் குடுத்துட்டு 15 நிமிசம் கழிச்சு மறுபடி விரல்ல குத்திப் பாக்கணும். மயங்கிட்டா வாயில எதையும் ஊத்தக் கூடாது.

இங்க வந்தா ஓட்டம் ஜாஸ்தியா இருக்கும், நம்ம வீட்டுப் படி ஏறி இறங்கினாலே போதும். பகல்ல ஓடினதுக்கு ராத்திரி தூக்கத்துல சுகர் இறங்கும், நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன், கவிதா தூங்கட்டும். அவ தூங்கி எத்தனை மாசம் ஆச்சோ. குளிர்ல விரல் மரத்துப் போய் ரத்தம் வராது, வெதுவெதுன்னு தண்ணியில கையைக் கழுவி நல்லா துடைச்சுட்டுக் குத்தினா அழமாட்டா. இதெல்லாம் நான் பாத்துக்குவேன்டா தம்பி, நீங்க வந்தாப் போதும்.

தீபாவளி முடிஞ்சு ஆஸ்பத்திரில நீ முதல்தடவை ஊசி போட்டியே, அதை இன்னும் நினைச்சுக்கறேன். கோழி அறுக்கறதைப் பாத்தாக்கூட உள்ள ஓடிப் போற பையன் நீ. நர்ஸ் பக்கத்துல நிக்க, கை நடுங்காம பாப்பா தொடையில போட்டுட்டு, வலிச்சுதா சாமின்னு கேட்டியே. அப்பா வெளிய போய் அழுதார், உனக்குத் தெரியாது. கவிதா ஒரு நோட்டுப் போட்டு காலை, மதியம், ராத்திரி, விடிகாலை 3 மணின்னு கோடு கிழிச்சு எழுதினதையும் பாத்தேன். படிச்ச பிள்ளைங்க, தாங்கிக்குவாங்கன்னு நிம்மதியா மலை ஏறினேன்.

அப்புறம் என்ன ஆச்சு? வாரத்துக்கு ஒரு தடவை அந்த நோட்டை போட்டோ எடுத்து அனுப்புவா, இப்ப அதுவும் வர்றதில்ல. நான் மாமியார்னு கேக்கல, டிஸ்பென்சரியில இத்தனை வருசம் வேலை பாத்தவளா கேக்கறேன்.

பக்கத்து லைன் வீடுகள்ல சில பேர் கேக்கறாங்க, பேத்திக்கு இனிப்பு ஜாஸ்தி குடுத்துட்டாங்களான்னு, மருமக சரியாப் பாத்துக்கலையான்னு. நான் விடறதில்ல. மிட்டாய் தின்னு வர்ற வியாதி இல்ல இது, யாரும் கண்ணு வச்சும் வரல, உடம்புல கிருமியோட சண்டை போட வேண்டிய சக்தியே ஆள் தெரியாம கணையத்துல இன்சுலின் சுரக்கற செல்லைப் போய் அழிச்சிடுது, அதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணும், பெத்தவ என்ன பண்ணுவான்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். கவிதாகிட்ட இதைச் சொல்லு. அவ மனசுல அந்த எண்ணம் இருந்தா எடுத்துரு. உங்கப்பா சுகரும் பாப்பாவுக்கு வந்திருக்கற இந்த டைப் 1 சுகரும் ஒண்ணு கிடையாது. அவர் ஒரு நாள் மாத்திரை மறந்தா அன்னைக்கே ஒண்ணும் ஆயிடாது, அவர் உடம்புல இன்சுலின் இருக்கு. பாப்பாவுக்கு வெளியில இருந்து போட்டாத்தான் உண்டு.

போன தடவை பேசறப்போ கவிதா சொன்னா, "அத்தை, இன்சுலின் யூனிட் ரொம்பக் குறைஞ்சிருச்சு, முன்ன போட்டதுல பாதிதான் இப்ப"ன்னு. சந்தோசமாத்தான் சொன்னா. நீ போனை வாங்கி, "ஒரு இடத்துல பொடி வாங்கறோம்மா, நல்லா கேக்குது, போகப் போக ஊசியே வேண்டாம்ங்கறாங்க"ன்னுட்டு உடனே அப்பா எப்படி இருக்கார்னு பேச்சை மாத்திட்ட. நானும் நல்லா இருக்கார்னு சொல்லி வச்சுட்டேன். அன்னையில இருந்து எனக்கு சோறு இறங்கல தம்பி. ஃப்ரிட்ஜு, யானை, வாந்தின்னு எழுதிட்டிருக்கேனே, இதுக்குத்தான் சுத்திச் சுத்தி வர்றேன்.

பொடியால குறையல கண்ணு. ஆரம்பத்துல கொஞ்ச செல்லு மிச்சம் இருக்கும், ஊசி போட ஆரம்பிச்சதும் அதுக்கு ஓய்வு கிடைச்சு மறுபடி கொஞ்சம் சுரக்கும். ஹனிமூன் பீரியட்னு டாக்டருங்க சொல்லுவாங்க, உன் டாக்டரும் சொல்லியிருப்பார். சில பிள்ளைங்களுக்குச் சில வாரம், சில பேருக்கு மாசக்கணக்குல, வருசம் தாண்டியும் இருக்கும். அப்புறம் அந்த செல்லும் போயிடும், யூனிட் ஏறும். பொடி சாப்பிடாத பிள்ளைக்கும் இப்படித்தான் குறையும். இந்த நேரம் பாத்துத்தான் எல்லாரும் வந்து மாட்டறாங்க, விக்கறவனுக்கு இந்த மாசங்கள்தான் அறுவடை. அவன் குடுத்த பொடியை ஆறு மாசம் கழிச்சுக் குறை சொன்னா, நீங்க பத்தியம் இருக்கலன்னுடுவான்.

எனக்கு ஏன் இவ்வளவு பயம்னு உன்கிட்ட சொன்னதே இல்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாடி, நான் எஸ்டேட் டிஸ்பென்சரியில ஆயாவாச் சேர்ந்த புதுசு. கீழ் லைன்ல ஒரு பொண்ணு, ஒம்பது வயசிருக்கும், இதே வியாதி. லைன் வீட்டுல ஏது ஃப்ரிட்ஜு, தடுப்பூசி வைக்கற பெட்டியிலதான் அவ இன்சுலின் இருக்கும். காலையில பேர் கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து படியில உக்காந்திருப்பா, கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வச்சு சிஸ்டர் போடுவாங்க, சாயங்காலம் மறுபடி வருவா. ஊசி போட்டதும் சட்டையை இறக்கிவிட்டுட்டு ஒரே ஓட்டமா ஸ்கூலுக்கு ஓடுவா. நல்லாத் தேறி கன்னமெல்லாம் வச்சுது. அப்ப கீழ இருந்து ஒரு ஆள் வந்து, வேரோ என்னமோ, 40 நாள்ல வேரோட எடுத்துடறேன்னு சொல்லியிருக்கான். அவங்கப்பா நல்ல மனுசன் தம்பி, குடிக்க மாட்டான், பிள்ளை மேல உயிர். பிள்ளைக்கு ரெண்டு வேளை குத்து வலி இல்லாம இருக்கட்டுமேன்னுதான் நிறுத்தினான். சிஸ்டர் ஆளனுப்பிக் கேட்டதுக்கு, குறைஞ்சிருச்சும்மா, நல்லா இருக்கான்னான்.

தூக்கிட்டு வந்தப்போ நான்தான் கதவு திறந்தேன். வாந்தி, வயித்து வலின்னாங்க. மூச்சு மட்டும் ஆழமா, வேக வேகமா இழுக்குது, வாய்கிட்ட குனிஞ்சா பழம் அழுகின மாதிரி ஒரு வாசனை. எஸ்டேட் லாரியில போட்டு குன்னூருக்குக் கொண்டு போனாங்க. திரும்பி வர்றப்போ அவங்கப்பா லாரியில பின்னாடி உக்காந்திருந்தான், மடியில போர்வையில சுத்தி வச்சிருந்தான். அப்புறம் அவன் வேலையை விட்டு எங்க போனான்னே தெரியல. யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லி என்ன ஆகப் போவுது.

இதைப் படிச்சு கோவிச்சுக்காத. உன்னை அவனோட சேத்துப் பேசறேன்னு நினைக்காத. பாசம் இல்லாதவன் பண்ற காரியம் இல்ல அது, பாசத்துலதான் பண்ணினான், அதனாலதான் பயமா இருக்கு.

அந்த சிஸ்டர் அப்ப ஒண்ணு சொன்னாங்க. இன்சுலின் வர்றதுக்கு முன்னாடி உலகத்துல இந்த வியாதி வந்த பிள்ளைங்களை பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிச்சாங்களாம். 1922 ஜனவரியில கனடாவுல டொரன்டோ ஆஸ்பத்திரியில லியோனார்ட் தாம்சன்னு 14 வயசு பையனுக்குத்தான் முதல்ல போட்டாங்க, எலும்பும் தோலுமாக் கிடந்தவன் எழுந்து அப்புறமும் 13 வருசம் இருந்தான். அதுக்கு முந்தியும் வேர் இருந்துது, இலை இருந்துது, பொடி இருந்துது. ஒரு பிள்ளையும் பொழைக்கல. எனக்கு நாட்டு மருந்து மேல வெறுப்பு இல்ல, உனக்கு சளிக்கு தூதுவளை குடுத்து வளத்தவதான். இதுக்கு அது கிடையாது, அவ்வளவுதான்.

காசுதான் காரணமா? சுகர் பாக்கற ஸ்ட்ரிப், ஊசி, பேனா எல்லாம் என்ன விலைன்னு எனக்குத் தெரியும். வெக்கப்படாம சொல்லு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இன்சுலின் இலவசம், கோயம்புத்தூர்ல இதயங்கள் டிரஸ்ட்னு இந்த வியாதி வந்த பிள்ளைங்களுக்கு உதவறவங்க இருக்காங்க, போய்க் கேக்கறதுல ஒரு கௌரவமும் குறையாது. என் வளையல் சும்மாத்தான் பெட்டியில கிடக்கு. ஆனா கடைக்குக் கடை மாத்தி வாங்கறப்போ சிரிஞ்சைப் பாத்து வாங்கு, சிவப்பு மூடி ஒரு மில்லியில 40 யூனிட் இருக்கற மருந்துக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் இருக்கற மருந்துக்கு. 100 மருந்தை 40 சிரிஞ்சுல எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிடும்.

யூனிட்டைக் கூட்டறதோ குறைக்கறதோ டாக்டர் சொல்லட்டும். 2 யூனிட்டுன்னாலும் போடுங்க. காய்ச்சல் வந்தாலும், சாப்பிடலன்னாலும் நாள் பூரா நிக்கற அந்த ராத்திரி ஊசியை விடக் கூடாது, இன்சுலின் பத்தலன்னா உடம்பு கொழுப்பைக் கரைக்கறதால வர்ற கீட்டோனை யூரின்ல பாக்கற ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கி வை, வாந்தி, மூச்சு வாங்கறது, சோர்ந்து தூங்கறது எது வந்தாலும் காலையில பாக்கலாம்னு இருக்காம உடனே தூக்கிட்டு ஓடு. சொன்னதையே சொல்றேன்னு கவிதா சிரிப்பா, சிரிக்கட்டும்.

ஸ்கூல்லயும் டீச்சர்கிட்ட மறைக்காதீங்க. நாளைக்குப் பொண்ணைக் கட்டிக் குடுக்கணுமேன்னு உன் மாமியார் சொன்னது எனக்கும் காதுல விழுந்துது. ஆறு வயசுப் பிள்ளைக்கு இப்பவே என்ன கல்யாணப் பேச்சு. பரீட்சை ஹால்லயே இந்தப் பிள்ளைங்க சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணி கொண்டு போலாம்னு சிபிஎஸ்இ 2017லயே விட்டுட்டாங்க. கிளாஸ்ல கை நடுங்கினா, வேர்த்துக் கொட்டினா டீச்சருக்குத் தெரிஞ்சிருக்கணும், மறைச்சு வச்சா அடம் பிடிக்கறான்னு மூலையில நிக்க வச்சுடுவாங்க.

தம்பி, நீ ஊசியை நிறுத்திட்டன்னு நான் சொல்லல. நிறுத்தியிருக்க மாட்ட. ஆனா போனை எடுக்காம இருக்கறதால என்னென்னமோ தோணுது. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாப்பேன், பதில் வரலைன்னா அடுத்த நாள் காலையில முதல் பஸ்ஸுக்கு அப்பாவும் நானும் கிளம்பிடுவோம், அப்புறம் ஏன் சொல்லாம வந்தீங்கன்னு கேக்காத. பெருசா எதுவும் எழுத வேண்டாம். பாப்பாவுக்கு இன்னைக்கு எத்தனை யூனிட் போட்டீங்க, குத்திப் பாத்தப்ப எவ்வளவு இருந்துது, அந்த நோட்டை போட்டோ எடுத்து கவிதாவை அனுப்பச் சொல்லு.

அம்மா