கடலூர் மாவட்டப் போட்டித் தேர்வுப் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

பண்ருட்டியிலிருந்தும் காட்டுமன்னார்கோவிலிலிருந்தும் பேருந்தேறிக் கடலூர் வந்து, தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் தனியார் மையங்களிலும் படிக்கும் தமிழ்வழி மாணவர்கள், கணிதத்தில் பாடுபட்டுச் சேர்க்கும் மதிப்பெண்ணை ஆங்கிலத்தில் இழந்துவிடக் கூடாது என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

மாநில அரசுப் பணிக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு மட்டும் எழுதுவோருக்கு இந்தக் கவலை இல்லை. அங்கே தமிழே தகுதித் தேர்வு. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி., பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் நிலைமை வேறு. அதன் இரண்டாம் கட்டத்தில் கணிதத்துக்கும் ரீசனிங் எனும் பகுத்தறியும் திறன் பகுதிக்கும் தலா 90 மதிப்பெண், ஆங்கிலத்துக்கு மட்டும் 135. சரியான விடைக்கு 3 மதிப்பெண் கிடைக்கும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழியும். அதே ஆணையம் பிளஸ் 2 முடித்தோருக்கு நடத்தும் சி.எச்.எஸ்.எல்., பத்தாம் வகுப்பு முடித்தோருக்கு நடத்தும் எம்.டி.எஸ். தேர்வுகளைத் தமிழிலும் எழுதலாம் என்றாலும், ஆங்கிலப் பகுதியை ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும்.

ஆனால் பல வகுப்புகளில் நடப்பது, சொற்களும் மரபுத்தொடர்களும் அச்சிட்ட தாளைக் கொடுத்து மறுநாள் ஒப்பிக்கச் சொல்வதுதான். தேர்விலோ கேள்விகளில் பெரும்பாலானவை வாக்கியத்துக்குள் வைத்தே கேட்கப்படுகின்றன. 'வீ டிஸ்கஸ்டு அபவுட் த ப்ராப்ளம்' என்ற வாக்கியத்தில் பிழை எங்கே என்று கேட்டால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே 'நோ எரர்' என்று குறிக்கிறார்கள். பிரச்சினையைப் பற்றி விவாதிப்பது நம் வழக்கம் என்பதால், தேவையற்ற அந்த 'அபவுட்' அங்கே உறுத்துவதில்லை. 'ஒன் ஆஃப் த பாய்ஸ்' என்று தொடங்கும் வாக்கியத்திலும் பக்கத்திலிருக்கும் பன்மையைப் பார்த்து, 'ஹேஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஹேவ்' போட்டுவிடுகிறார்கள். எழுவாய் அந்த 'ஒன்' என்பதை எவரும் நிறுத்தி நிதானமாகக் காட்டியிருக்க மாட்டார்கள். இத்தகைய பிழைகளுக்குப் பட்டியல் மருந்தாகாது.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். நாள்தோறும் முந்தைய ஆண்டு வினாக்களில் பத்தை மட்டும் எடுத்து, ஒவ்வொரு விடையும் ஏன் சரி, மற்றவை ஏன் தவறு என்று மாணவர்களே எழுந்து தமிழில் விளக்கும்படி செய்யுங்கள். தமிழில் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு ஆங்கில விதி நிலைக்கும் என்பதைப் பணி ஓய்வுக்குப் பின்னும் கண்டுவருகிறேன். தவறிய வினாக்களை ஒவ்வொருவரும் தனி நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் அந்த நோட்டிலிருந்தே தேர்வு வைக்கலாம். மரபுத்தொடர்களுக்குப் பொருளோடு சொந்த வாக்கியம் ஒன்றையும் கேளுங்கள். 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதை 'அத்தி பூத்தாற்போல' என்று புரிந்துகொண்ட பெண், அதை வைத்துத் தன் ஊர்ப் பேருந்தைப் பற்றி எழுதிவிட்டால் பிறகு மறக்க மாட்டாள்.

அடுத்த அணிக்கான கால அட்டவணையிலேயே இதற்கென நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அழைத்தால் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து நானே வந்து, கட்டணமின்றி அந்த வகுப்பை எடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
கடலூர்.