கோணல் முகத்துக் குட்டி

கண்ணு,

முயல்குட்டிகளுக்கு என்ன ஆச்சு என்று நேற்று போனில் நீ கேட்டதற்கு அரைகுறையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சாம்பல் முயல் போட்ட 6 குட்டியில் இரண்டுக்கு முகம் கோணல். கண் திறந்தபோதுகூட ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது வாரம் தாயிடமிருந்து பிரிக்கத் தூக்கினேன். மூக்கு அமுங்கி, கீழ்த்தாடை முன்னால் தள்ளியிருந்தது. உதட்டை விலக்கிப் பார்த்தேன். நல்ல முயலுக்கு மேல் முன்பல் கீழ்ப்பல்லை மூடி உட்காரும். இதுகளுக்குக் கீழ்ப்பல் வெளியே நிற்கிறது, மேல்பல் அண்ணத்தைப் பார்த்து வளைகிறது.

முயலுக்குப் பல் சாகும்வரை வளரும். வாரத்துக்கு 2 மில்லிமீட்டர்கூட வளர்ந்துவிடும். மேலும் கீழும் உரசித் தேய்ந்தால்தான் அளவாக நிற்கும். இதுகளுக்கு உரசவே வழியில்லை. இரண்டில் சின்னது வேலிமசால் தழையை வாயில் பிடிக்கும், நறுக்க வராது, கீழே விழும். மறுபடி குனிந்து எடுக்கும், மறுபடி விழும். மோவாய் முழுக்க எச்சில். பசியோடுதான் இருந்திருக்கிறது. நான் அதைக் கழிச்சல் இளைப்பு என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூண்டுக் கம்பியில் மோதியிருக்கும் என்றாய். அடிபட்டாலும் பல் கோணும், நிஜம்தான். ஆனால் போன ஈற்றிலும் ஒன்று இப்படியே இளைத்துச் செத்தது. அப்போது வாயைத் திறந்து பார்க்கவில்லை. ஒரே ஜோடி, இரண்டு ஈற்று. தப்பு என்னுடையதுதான். புது ஆண் வாங்காமல், அப்பன் முயலையே மகளுக்குச் சேர்த்துவிட்டேன். ரத்த உறவில் சேர்த்தால் மறைந்திருக்கும் குறை வெளியே வரும் என்று தெரியாதவள் இல்லை நான். செலவைப் பார்த்தேன்.

டாக்டரிடம் கொண்டு போனேன். நகவெட்டியால் வெட்டக் கூடாதாம், பல் நீளவாக்கில் பிளந்து வேரில் சீழ் வைக்குமாம். சின்ன மிஷினால் இழைத்துவிட்டார். மாதம் ஒருமுறை இழைக்க வேண்டும். வளர்ந்தபிறகு முன்பற்களை எடுத்துவிட்டால் உதட்டாலேயே இழுத்துத் தின்னப் பழகிக்கொள்ளும் என்றார். கண்ணில் நீர் வழிகிறதே, அதையும் கேட்டேன். கண்ணீர்க் குழாய் மேல்பல் வேரை ஒட்டித்தான் போகிறதாம், வேர் அமுக்கினால் நீர் வெளியே வழியுமாம். துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அரைநாள் தின்னாமல் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். முயலுக்குக் குடல் நின்றுவிட்டால் அதிக நேரம் தாங்காது.

அப்புறம், உன் சிநேகிதிக்கு நல்ல முகத்துக் குட்டியாக ஒரு ஜோடி கேட்டாயே. ஜோடியாகத் தர மாட்டேன். பார்க்க நன்றாக இருந்தாலும் அந்தக் குறையை உள்ளே சுமந்திருக்கலாம். ஒன்று மட்டும் கொண்டு போகட்டும், செல்லமாக வளர்க்கட்டும், இனத்துக்கு விட வேண்டாம். போன ஈற்றில் குட்டி வாங்கிய இரண்டு வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஒரு வீட்டில் முகம் சுளித்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

சாம்பலை இனி ஆணோடு விடுவதில்லை. கோபப்படாதே. உனக்கு அவள் என்றால் உயிர், தெரியும். அவள் இங்கேயேதான் இருப்பாள். கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயன்ட் இன ஆண் முயல் ஒன்றுக்குச் சொல்லி வைக்கப்போகிறேன். அது மற்ற பெண்களுக்கு.

சின்னது இன்று காலை 620 கிராம். கூடப்பிறந்த நல்ல குட்டி கிலோவைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் வேலிமசாலைப் பொடியாக நறுக்கி, தீவனத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் குழைத்துக் கொடுத்தேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அம்மா