அம்மா ஏன் தண்ணீர் குடிக்கவில்லை?

மும்பை மருத்துவமனைகளின் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களே, வணக்கம்.

இந்த நகரத்து வார்டுகளில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர் நான். இரவுப் பணியில் நாற்பது கட்டில்களைத் தனியாகக் கவனித்திருக்கிறேன். உங்கள் வார்டுகளின் ஆள் பற்றாக்குறை தெரிந்துதான் எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் என் அம்மா தாராவி வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். வயது 76. தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவர். காய்கறிக்குப் பேரம் பேச அவருக்கு இந்தி போதும். உடம்பைப் பற்றிப் பேசப் போதாது.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. சிறுநீர் வடிய வைத்திருந்த குழாயை எடுத்த மறுநாள் சிறுநீரின் அளவு குறைந்தது. செவிலியர்கள் அதைச் சரியாகக் குறித்தார்கள், மருத்துவரிடம் சொன்னார்கள், சலைன் ஏற்றினார்கள், இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். எதிலும் பிழை இல்லை. ஆனால் அன்றிரவு, கேரளத்திலிருந்து வந்த ஓர் இளம் செவிலியர் மேசையில் டம்ளர் நிறையத் தண்ணீர் அப்படியே இருப்பதைக் கண்டு, தமக்குத் தெரிந்த தமிழில் காரணம் கேட்டிருக்கிறார். "குடித்தால் பெட்பேன் கேட்க வேண்டுமே, அந்த மாமா வேறு எதிரிலேயே நிற்கிறார்" என்றாராம் அம்மா. வார்டு பாயைத்தான் மாமா என்கிறார். பார்வையாளர் நேரத்தில் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் நான், அதுவும் செவிலியர். எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

அமெரிக்கச் செவிலியர் அறிஞர் விர்ஜீனியா ஹென்டர்சன் சொன்ன பதினான்கு அடிப்படைத் தேவைகளை நாம் எல்லோரும் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். சர்வதேச செவிலியர் மன்றம் 1960-இல் வெளியிட்ட அவருடைய சிறு நூலில் அந்த வரிசை இருக்கிறது. உண்பதும் குடிப்பதும் இரண்டாவது, கழிவை வெளியேற்றுவது மூன்றாவது, உள்ளத்தில் இருப்பதைப் பிறருக்குச் சொல்ல முடிவது பத்தாவது. அம்மாவுக்குப் பத்தாவது அடைபட்டிருந்தது. அதனால் மூன்றாவதற்கு அஞ்சி இரண்டாவதை நிறுத்திக்கொண்டார். நம் படிவங்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் கட்டம் உண்டு. பத்துக்கு எங்கே இருக்கிறது?

அந்தச் செவிலியர் அம்மாவிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். பெட்பேன் வேண்டுமென்றால் டம்ளரைக் கவிழ்த்து வைத்தால் போதும். மாமாவை வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டு அவரே வருவார். அன்றிரவு அம்மா நன்றாகத் தண்ணீர் குடித்தார். காலையில் ஷிப்ட் மாறியது. அம்மா டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். புதிதாக வந்த சிஸ்டர் அதை நிமிர்த்தி, அன்போடு தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார்.

இதை எழுதும்போதும் நெஞ்சு கனக்கிறது. அந்தக் காலை சிஸ்டர் மீது எனக்குக் கோபமே இல்லை. அவரிடம் இரத்த அழுத்தம், சலைன், ஊசி மருந்து, புண் கட்டு எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. டம்ளரைப் பற்றி யாரும் ஒப்படைக்கவில்லை. செவிலியரும் நோயாளியும் முதலில் அந்நியர்களாகவே சந்திக்கிறார்கள், அதிலிருந்துதான் உறவு வளர்கிறது என்று இன்னொரு செவிலியர் அறிஞர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இலேயே எழுதினார். நாமோ ஒரு நாளைக்கு மூன்று முறை நோயாளியைப் புதிய அந்நியரிடம் கொடுத்து, உறவை முதலிலிருந்து தொடங்கச் சொல்கிறோம்.

சுய பராமரிப்புக் கோட்பாட்டை வகுத்த செவிலியர் டோரதியா ஓரெமும் நினைவுக்கு வந்தார். தன்னால் செய்ய முடியாததில் மட்டும் நோயாளிக்குக் கை கொடு, முடிந்ததை அவரே செய்யட்டும் என்பதல்லவா அவர் சொன்னது? அம்மாவின் இரண்டு கைகளும் நன்றாக இருந்தன. ஐந்தாம் நாளும் வார்டு ஆயாவான மாவ்ஷி கரண்டியால் உப்புமா ஊட்டிக்கொண்டிருந்தார்.

நான் கேட்பது ஒன்றுதான். ஷிப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளிக்கும், அந்த மனிதரைப் பற்றி ஒரு வரி ஒப்படைக்கப்பட வேண்டும் என்று உத்தரவிடுங்கள். எதற்குக் கூச்சப்படுகிறார், எதைத் தானே செய்கிறார், எந்த மொழியில் வலியைச் சொல்கிறார் என்பதில் எது முக்கியமோ அது. நேரம் இல்லை என்பீர்கள். அம்மாவுக்கு ஊசி குத்தி, சலைன் மாட்டி, இரத்தம் எடுத்து அனுப்பிய நேரம் ஏன் குடிக்கவில்லை என்ற அந்த ஒரு கேள்விக்கு ஆன நேரத்தைவிடப் பல மடங்கு.

நீங்கள் ரவுண்ட்ஸ் வரும்போது விரிப்பின் மூலை சரியாக மடித்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். என் காலத்திலும் பார்த்தார்கள். நாளைக் காலை ஒரு கட்டிலருகே கொஞ்சம் கூடுதலாக நின்று, பக்கத்தில் இருக்கும் செவிலியரிடம் கேளுங்கள்: "நேற்று இரவு இவரைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள்?"

இப்படிக்கு,
தாராவியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற செவிலியர்