விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடாதே

சுங்கை சிப்புட்

அன்பு மச்சான்,

உன் வீட்டுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்ட நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலைப்பட்டியலைக் கடையில் கூட்டம் குறைந்த பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். எட்டு கேமரா, எல்லாமே 4கே என்ற மிகத் துல்லியப் பட வகை, புது வயர், புது ரெக்கார்டர். ஒற்றை மாடித் தொடர்வீட்டுக்கு இவ்வளவு எதற்கு? ஜொகூர் பாருவில் என்ன பயமோ, எனக்குத் தெரியாது. ஆனால் மகள் கல்யாணத்தை முன்னால் வைத்துக்கொண்டு அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே.

எங்கள் கடையில் போன வருடம்தான் பழைய அமைப்பை மாற்றினோம். காரணம் உனக்குத் தெரியும். பின்சந்தில் சங்கிலி போட்டு வைத்திருந்த கேஸ் தோங்குகள் (சிலிண்டர்கள்) ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டன. ஆள் கேமராவில் விழாமல் இல்லை. நடந்து வந்தது, பூட்டை உடைத்தது, கைக்கு ஒன்றாகத் தூக்கிப் போனது எல்லாம் பதிவாகியிருந்தது. மூஞ்சி இருக்க வேண்டிய இடத்தில்தான் சாம்பல் பூசணி ஒன்று இருந்தது. போலீஸ்காரர் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். ஆள் வந்தது தெரிகிறது, யாரென்று தெரியவில்லையே என்றார். போதாக்குறைக்கு ரெக்கார்டர் கடிகாரமும் அரை மணி நேரம் பின்தங்கிக் கிடந்தது.

ஈப்போவில் வயரிங் வேலை பார்க்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். வந்ததும் அவன் கேட்டது, "எத்தனை மெகாபிக்சல்னு அப்புறம் பார்ப்போம் மாமா, எந்த இடத்துல மூஞ்சி தெரியணும்? அதைச் சொல்லுங்க." இதற்கு 2015இல் வந்த ஐரோப்பியத் தரநிலையில் கணக்கே இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவனை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல், அதாவது படப்புள்ளி, வேண்டும். யாரோ நடமாடுகிறார்கள் என்று தெரிய 25 போதும். 1080பி எனப்படும் சாதாரண எச்டி கேமராவில் குறுக்கே 1920 பிக்சல். வகுத்துப் பார், ஏழரை மீட்டர் அகலத்துக்குத்தான் தேறும். பேக்கேஜில் தலையில் கட்டுவது பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ். அது நூறு டிகிரி அளவுக்கு விரிந்து பார்ப்பதால் மூன்று மீட்டர் தூரத்திலேயே அந்த அகலம் முடிந்துவிடும். அதற்கு அப்பால் நிற்பவன் பூசணிதான். 6 மில்லிமீட்டர் போட்டால் ஏழு மீட்டர் வரை முகம் பிடிக்கும், ஆனால் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் மொத்த இடத்தையும் பார்க்க ஒன்று, ஆள் நுழையும் வழியை மட்டும் குறிவைத்து இன்னொன்று. அந்த இரண்டாவதைக் கூரை விளிம்பில் மாட்டவிடாதே, தொப்பிதான் தெரியும். தலைக்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

4கே என்றால் தூரம் இருமடங்காகுமே என்பாய். பகலில் சரி. ராத்திரியில், அதே சின்ன சென்சாரில் நாலு மடங்கு பிக்சலைத் திணித்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் குறைந்து படம் புள்ளி புள்ளியாக வரும். திருடன் பகலிலா வருகிறான்?

பழைய வயரைப் பிடுங்க வேண்டும் என்று உனக்குச் சொல்லியிருக்கிறார்களே, அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சுவருக்குள் ஓடும் கோஆக்சியல் வயர் (டிவி ஆன்டெனா வயர் மாதிரியானது) நன்றாக இருந்தால் அதிலேயே 1080பி வரும். டிவிஐ, ஏஎச்டி என்று கேமராக்கள் இதற்காகவே இருக்கின்றன. ரெக்கார்டரை, பல வகைக் கேமராவையும் ஏற்கும் எக்ஸ்விஆர் வகைக்கு மாற்றினால் போதும். கெட்டுப்போவது முனைகள்தான். எங்கள் கடையில் அஞ்சடி (முன் நடைபாதை) பக்கம் இருந்த, வயரைக் கேமராவோடு சேர்க்கும் பிஎன்சி முனையைக் கழற்றியபோது உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புது முனை போட்டு, ரப்பர் டேப் சுற்றி, மழை படாத பெட்டிக்குள் வைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் வாசல் கேமரா பொழுது சாய்ந்ததும் அணைந்து அணைந்து வருகிறது, கேமரா செத்துவிட்டது என்று எழுதியிருந்தாய். செத்திருக்காது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியும், மின்சாரம் கூடுதலாக இழுக்கும், நீளமான மெல்லிய வயரில் 12 வோல்ட் வழியிலேயே குறைந்துபோகும், கேமரா மயங்கி விழுந்து எழுந்திருக்கும். வோல்ட் மீட்டரை வைத்து கேமரா முனையில் ராத்திரி அளந்து பார்க்கச் சொல். தடிமனான வயரோ பக்கத்திலேயே ஓர் அடாப்டரோ போட்டால் தீர்ந்தது. புதிதாக வயர் இழுக்கும் இடத்துக்கு மட்டும், நெட்வொர்க் வயரில் ஓடும் ஐபி கேமரா வாங்கு. ஒரே கேட்6 நெட்வொர்க் வயரில் படமும் மின்சாரமும் போகும், 100 மீட்டர் வரை. சுத்தச் செம்பு வயரா என்று கேட்டு வாங்கு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியும் விற்கிறார்கள்.

நம் ஊர் இடியைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் தனிக் கட்டடமாக இருக்கும் சாமான் அறைக்கு ஃபைபர் இழுத்துவிட்டோம், கண்ணாடி இழையில் மின்னல் பாயாது. உனக்கு அந்தத் தொல்லை இல்லை.

சிலந்தி இருக்கிறது பார், அதுதான் என் பெரிய எதிரி. கேமரா விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், லென்ஸ் முன்னால் வலை கட்டும். ராத்திரியில் அந்த ஒற்றை நூல் வெள்ளை வெளேரென்று திரை முழுக்க ஆடும். போன் விடிய விடிய ஆள் வருகிறான் என்று கத்தும். விளக்கைத் தனியாகத் தள்ளி மாட்டிய பிறகு குறைந்தது. மற்றபடி ஒட்டடைக் கம்புதான்.

ஹார்ட் டிஸ்க் கணக்கு: ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளைக்கு 21 ஜிபி சொச்சம். நாலு கேமராவுக்கு 2 டிபி மூன்று வாரம் தாங்கும். கண்காணிப்புக்கென்று விற்கும் டிஸ்க்காக வாங்கு, மாட்டிவிட்டுப் போகிறவன் வைக்கும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்று. 2016இல் மிராய் என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கேமராக்களைப் பிடித்தது, யாரும் மாற்றாத பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கடைக்கு வந்து, "என் குசினிக் கதவு உங்க டிவியில தெரியுதாமே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. அந்த மூலையைக் கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, அவர் கண்முன்னாலேயே காட்டினோம். உன் வீட்டிலும் எதிர்வீட்டு வாசல் விழும், கவனி. கடைக்கு நம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கேமரா இருக்கிறது என்ற அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். நான் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன், கடைக்கு வருவதில் பாதிப் பேர் நம் தோட்டத்து ஆட்கள்தானே.

தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவரை நாய் குரைத்தால் பத்துக் கதவு திறக்கும். இப்போது லயம் இருந்த இடத்தில் செம்பனை. ஆட்களெல்லாம் தாமான் குடியிருப்புக்கு வந்து, இரும்புக் கேட்டுக்குப் பின்னால் அடைந்துவிட்டார்கள்.

உன் கேட்டிலிருந்து கார் நிறுத்தும் தூண் வரை எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து அனுப்பு. என்ன லென்ஸ் என்று அக்கா மகனிடம் கேட்டுச் சொல்கிறேன். என் கணக்குக்கு உனக்கு நாலு கேமரா, ஒரு எக்ஸ்விஆர், அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் போடு, போனில் அனுப்பினால் வரமாட்டேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் சுங்கை சிப்புட் மச்சான்