அம்முவுக்கு, மரில்லியனின் புது ஆல்பம் பற்றி

திருச்சி,
மார்ச் 2022

அன்புள்ள அம்முவுக்கு,

போனில் பேசினால் உன் டியூட்டி, சாப்பாடு, தூக்கம் என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. அதனால்தான் இதை எழுதி அனுப்புகிறேன். பிரிட்டிஷ் ராக் இசைக்குழு மரில்லியனின் புது ஆல்பம் இந்த மாதம் 4-ஆம் தேதி வந்துவிட்டது. பெயர் 'அன் அவர் பிஃபோர் இட்ஸ் டார்க்'. 2016-க்குப் பிறகு முழுக்கப் புதுப் பாடல்களோடு அவர்கள் தரும் முதல் ஆல்பம். உங்கள் பிரிட்டன் ஆல்பம் தரவரிசையில் வந்த வாரமே இரண்டாம் இடம்.

1985-இல் வந்த 'மிஸ்பிளேஸ்டு சைல்டுஹுட்' கேசட்டை நான் தேயத் தேயக் கேட்டது உனக்குத் தெரியும். அதில் பாடிய ஃபிஷ் 1988-இல் விலகினார். அடுத்த வருடம் ஸ்டீவ் ஹோகார்த் வந்தார். அன்றிலிருந்து அதே ஐந்து பேர்தான், 33 வருடமாக! 2001-இல் ரசிகர்கள் 12,000 பேருக்கு மேல், இன்னும் உருவாகாத ஒரு ஆல்பத்துக்கு முன்பணம் கட்டி இவர்களைத் தாங்கினார்கள். எனக்கு அது பெரிய விஷயம்.

இந்த ஆல்பம் முழுக்கக் கொரோனா காலத்தின் வாடை. 'மர்டர் மெஷின்ஸ்' பாட்டில், ஆசையாகக் கட்டிப்பிடிப்பதே எதிரில் இருப்பவரைக் கொன்றுவிடலாம் என்ற பயம் ஓடுகிறது. 'தி க்ரோ அண்ட் தி நைட்டிங்கேல்' மறைந்த பாடகர் லெனார்ட் கோஹனுக்குச் செய்யும் மரியாதை. அதில் குழுவாகப் பாடும் பெண் குரல்கள் அருமை. பருவநிலை பற்றிய வரிகளும் உண்டு. அவை எனக்குக் கொஞ்சம் பிரசங்கம் மாதிரி பட்டன.

நான் எழுத உட்கார்ந்தது கடைசிப் பாட்டுக்காக. 'கேர்'. சுமார் 15 நிமிடம், நான்கு பகுதிகள். பீட் ட்ரெவாவஸின் பேஸ் கிட்டார் துள்ளலாகத்தான் ஆரம்பிக்கிறது. ஆனால் பாடுகிறவன் மாத்திரை மருந்துகளால் நாளை ஓட்டும் ஒரு நோயாளி. மெல்ல மெல்லத் தாளம் தளர்ந்து, மார்க் கெல்லியின் கீபோர்டு பரவி, பாட்டு ஒருவரின் கடைசி நேரத்துக்கு வந்து சேர்கிறது. அப்புறம் நான்காம் பகுதி. தேவதைகள் தேவாலயச் சுவர்களில் இல்லை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவர்கள்தான் தேவதைகள் என்கிறார் ஹோகார்த். அவர் குரல் ஏற ஏற, குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ரொதரியின் தனி வாசிப்பும் கூடவே ஏறுகிறது. ரொதரி வேகம் காட்டுகிற ஆள் இல்லை. ஒரு ஸ்வரத்தை எடுத்தால் அது முழுசாக ஒலித்து முடியும்வரை பொறுத்திருப்பார். இங்கே அந்தப் பொறுமைக்கு ஈடே இல்லை.

2020-இல், வார்டில் பாதுகாப்பு உடையோடு, மூக்கில் மாஸ்க் பதிந்த தடத்தோடு நீ அனுப்பிய படத்துக்கு நான் 'சாப்பிட்டாயா' என்றுதான் பதில் போட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. முன்பின் தெரியாதவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நீ நின்ற அத்தனை இரவுகளுக்கும் நான் சொல்ல நினைத்தது இந்தப் பாட்டில் இருக்கிறது. உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமை, அம்மு.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் கேட்காதே. விடுமுறை நாளில், நல்ல ஹெட்போனில், முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேள். கடைசிப் பாட்டுக்கு மட்டும் தாவாதே.

'சியரா லியோன்' பாட்டைக் கேட்டுவிட்டு உன் கருத்தைச் சொல். அதில் வைரம் கிடைத்தவன் அதை விற்க மாட்டேன் என்கிறான். அவன் செய்தது சரிதான் என்கிறேன் நான். உன் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அன்புடன்,
அப்பா