ஜி11 துப்பாக்கி: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படைகள் ஏற்காமல் விட்ட ஆயுதங்களைப் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். மேற்கு ஜெர்மனியின் ஜி11 துப்பாக்கியை அதில் நாலே வரியில் முடித்துவிட்டார்கள். சூடேறினால் தானாக வெடித்ததாம், அதனால் ராணுவம் கைகழுவியதாம். வெடித்தது உண்மை. கைகழுவியதற்கு அதுதான் காரணம் என்பது சரியல்ல.

நான் லேத் பட்டறையில் காலம் தள்ளியவன். துப்பாக்கி மேல் எனக்குப் பிரியம் கிடையாது, இயந்திரத்தின் மேல் உண்டு.

ஜி11 தோட்டாவுக்குப் பித்தளைக் கூடு இல்லை. அழுத்திக் கட்டியாக்கிய வெடிமருந்துக்குள்ளேயே 4.73 மி.மீ. குண்டைப் புதைத்திருப்பார்கள், பார்த்தால் சதுரமாக நறுக்கிய சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். எடை 5 கிராம் சொச்சம். அன்றைய ஜெர்மன் வீரர்களின் ஜி3 துப்பாக்கிக்கான 7.62 மி.மீ. தோட்டா ஒன்றே சுமார் 24 கிராம். அதே பாரத்தில் நான்கு மடங்குக்கும் மேல் தோட்டா கொண்டுபோகலாம் என்றால் எந்தத் தளபதிக்குத்தான் ஆசை வராது?

ஆனால் சுட்டதும் தெறித்து விழும் காலித் தோட்டா வெறும் குப்பை அல்ல. உள்ளே இருக்கும் சூட்டில் ஒரு பங்கை அதுதான் வெளியே தூக்கிப்போகிறது. கூடு இல்லாவிட்டால் அந்தச் சூடு உள்ளேயே தங்கும். அடுத்து நுழையும் மருந்துக்கட்டி, விசையை இழுக்காமலே பற்றிக்கொள்ளும். 1970களின் கடைசியில் நேட்டோ சோதனையில் இதுதான் நடந்தது. கட்டுரை இந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

தயாரித்த ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் நிற்கவில்லை. தோட்டா செய்துகொடுத்த டைனமிட் நோபல், பழைய நைட்ரோசெல்லுலோஸ் மருந்தை விட்டுவிட்டு ஆக்டோஜன் என்ற வெடிபொருளை வீரியம் தணித்துப் புது மருந்து செய்தது. லேசில் பற்றாது. அந்தக் குறை 1980களிலேயே தீர்ந்த கணக்கு.

துப்பாக்கியின் வயிற்றைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை கிடையாது. மேகசின், அதாவது தோட்டாப் பெட்டி, குழலுக்கு மேலே நீளவாக்கில் படுத்திருக்கும், அதற்குள் தோட்டாக்கள் தலைகீழாக நிற்கும். ஒவ்வொன்றாக ஓர் உருளைக்குள் இறங்கும். உருளை கால் வட்டம் திரும்பிக் குழலுக்கு நேராக நிற்கும். மும்மூன்றாகச் சுடும்போது வேகம் நிமிடத்துக்கு 2,000க்கும் மேல். குழல், உருளை, மேகசின் எல்லாம் ஒன்றாக வெளிக்கூட்டுக்குள் பின்னால் வழுக்கும். அது கடைசிவரை போய் முட்டுவதற்குள் மூன்றாவது குண்டும் வெளியேறியிருக்கும். தோளில் உதை விழும் நேரத்தில் கலைவதற்குக் குறியே மிச்சமில்லை! சேற்றில் உட்கார்ந்து இந்தக் கடிகாரத்தை யார் பிரித்துப் பூட்டுவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கட்டுரையாளர் குறை சொல்ல நினைத்திருந்தால் இதைச் சொல்லியிருக்கலாம்.

1990 வாக்கில் அமெரிக்காவும் இதைச் சோதித்தது. தங்கள் வீரர்களின் எம்16ஏ2 துப்பாக்கியைவிட இரு மடங்கு திறன் வேண்டும் என்று கேட்டார்கள். போட்டிக்கு வந்த நான்கில் ஒன்றுகூடத் தேறவில்லை. சொந்த நாட்டில் நடந்தது வேறு. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தது, மறு ஆண்டு இரு ஜெர்மனிகளும் இணைந்தன. எந்த எதிரிக்காக இதைச் செய்தார்களோ அந்த எதிரி கண்ணெதிரே கரைந்துபோனான். பணமும் கிழக்கைத் தூக்கி நிறுத்தப் போய்விட்டது. தவிர, நேட்டோ 5.56 மி.மீ. தோட்டாவைப் பொதுவாக்கி வருடங்கள் ஆகியிருந்தன. ஜி11 தோட்டாவோ கூட்டாளிகளின் எந்தத் துப்பாக்கியிலும் நுழையாது. ஆர்டரை நம்பியிருந்த நிறுவனம் 1991இல் பிரிட்டிஷார் கைக்கு மாறியது. சில வருடம் கழித்து ஜெர்மன் ராணுவம் வாங்கிய ஜி36, பழையபடி பித்தளைத் தோட்டாதான்.

இன்னொன்று. கட்டுரையோடு ஜி11 என்று போட்டிருக்கும் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வீரரின் வலது கைக்கு மேலே ஒரு காலித் தோட்டா பறக்கிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்